உடல் சொல்லாததை ஊர் சொல்ல வேண்டும்

மாத்திரைப் பெட்டியோடு வீட்டுப் படியேறும் ஆஷா பணியாளர் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு பதிலைக் கேட்காமல் திரும்புவதில்லை. “எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா, நல்லாத்தானே இருக்கேன். எனக்கு எதுக்கு மாத்திரை?” இப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கால் வீங்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறார், உழைக்கிறார், தூங்குகிறார். ஆனாலும் யானைக்கால் நோய் விஷயத்தில் இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. நோய்ப்புழு உள்ளே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் சொல்லக்கூடிய பதிலும் இதுதான். அவர்களுடைய உடலே அவர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உடல் ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை அறிவியல் கடந்த இருபது ஆண்டுகளில் செல் அளவில் காட்டியிருக்கிறது. அதில் முக்கியமான ஒரு பகுதி நம் பக்கத்திலேயே, சென்னை சேத்துப்பட்டில் நடந்தது. அந்த ஆய்வுகளைப் படித்தால் ஒரு பொதுக் கடமை தெளிவாகத் தெரிகிறது. தனி உடல் எச்சரிக்காத நோயில் எச்சரிக்கும் பொறுப்பை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். நாயுடுபேட்டையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இதில் ஒருமித்த முடிவுக்கு வர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் ஊருக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு?

தமிழில் யானைக்கால், தெலுங்கில் போதகாலு. இரண்டு மொழியும் புழங்கும் நம் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டிராதவர் இல்லை. ஆந்திரத்தில் இந்த நோய் நிலைகொண்ட மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. ஐதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கரீம்நகர், கிழக்கு கோதாவரி, மேற்கு கோதாவரி மாவட்டங்களோடு சித்தூரையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். மக்களின் சமூக, பொருளாதார நிலைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைப் பற்றிய அவர்களின் கட்டுரை 2012-இல் வெளிவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களும் நெடுங்காலம் இந்த நோயோடு போராடியவையே.

நாயுடுபேட்டை இவற்றுக்கு அருகே இருக்கும் ஊர். பொன்முகலி என்று தமிழர் சொல்லும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கிறது. சென்னை–கூடூர் ரயில் பாதையும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் இதைத் தொட்டுச் செல்கின்றன. 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மேனகூரு தொழிற்பேட்டைக்குப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். ஆட்கள் வந்துபோகும் ஊருக்கு வளர்ச்சி வரும். நோய்க்கிருமியும் வரும், போகும். மாவட்ட எல்லை மாறியது புழுவுக்கும் தெரியாது, கொசுவுக்கும் தெரியாது.

புழுவின் வாழ்க்கை

யானைக்கால் நோயை உண்டாக்குவது ஊச்சரீரியா பான்கிராஃப்டி என்ற ஒட்டுண்ணிப் புழு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. கொசு கடிக்கும்போது தோலின் மேல் விழும் இளம்புழு உடலுக்குள் நுழைந்து நிணநீர் நாளங்களுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே நூல் போல வளர்ந்து சராசரியாக ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்கிறது. பெண் புழு லட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈனுகிறது. அவை இரவில் விரல் நுனி வரை ரத்தத்தில் வந்து நிற்கின்றன. கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான்.

ஆகவேதான் சுகாதாரத் துறையினர் இரவு எட்டரை மணிக்கு மேல் ரத்தம் எடுக்க வருகிறார்கள். அந்த வேலையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். விரலில் ஒரு குத்து. சில சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காய வைக்கிறார்கள். மறுநாள் நீரில் நனைத்துச் சிவப்பை நீக்கிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். வெளிறிய பின்னணியில், மெல்லிய உறை போர்த்திய ஒரு நுண்புழு வளைந்து கிடக்கிறது. அதன் உடல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கருக்கள், வால் நுனி மட்டும் வெறுமை. அந்த ரத்தத்தைத் தந்தவர் முந்தைய இரவு நல்ல பசியோடு சாப்பிட்டுப் படுத்தவராக இருக்கலாம். தம் உடலில் இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது.

பல சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அந்நிய உயிர் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா ஒன்று நுழைந்தாலே காய்ச்சலால் கொதிக்கும் இதே உடல் இந்தப் புழுவை எப்படிப் பொறுத்துக்கொள்கிறது?

அடங்கிப்போகும் ஏற்பிகள்

நம் நோய் எதிர்ப்புச் செல்களில் ‘ஏற்பி’ என்னும் புரதங்கள் உண்டு. அவற்றில் டோல் ஏற்பிகள் என்ற குடும்பம் முக்கியமானது. சுருக்கமாக டி.எல்.ஆர். என்பார்கள். மனிதரில் பத்து வகை இருக்கின்றன. சில செல்லின் மேற்பரப்பில் இருக்கும், சில செல்லுக்குள் இருக்கும் பைகளில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒருவகை அந்நியப் பொருளை அடையாளம் காணும். நான்காம் வகை, சிலவகை பாக்டீரியாக்களின் உறையில் உள்ள கொழுப்புச் சர்க்கரையை அறியும். இரண்டாம் வகை, காசநோய்க் கிருமி உள்ளிட்டவற்றின் கொழுப்புப் புரதங்களை அறியும். ஒன்பதாம் வகை, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை அறியும். அறிந்ததும் செல்லுக்குள் ஒரு சங்கிலித்தொடர் விழித்துக்கொள்ளும். அழற்சியை உண்டாக்கும் சைட்டோகைன்கள் சுரக்கும், மற்றச் செல்கள் ஓடிவரும். நாம் காய்ச்சல் என்றும் வீக்கம் என்றும் உணர்வது இந்த விழிப்பைத்தான். இந்த முதல்கட்டக் காவலை விளக்கியதற்காக ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூஸ் பியூட்லர் இருவருக்கும் 2011-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

யானைக்கால் புழு கைவைப்பது இந்த இடத்தில்தான். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே சுபாஷ் பாபு, வி. குமாரசாமி ஆகியோர், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் தாமஸ் நட்மனோடு சேர்ந்து, தமிழ்நாட்டு நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். புழு உள்ள, ஆனால் நோய் அறிகுறி இல்லாதவர்களின் டி செல்களில் டோல் ஏற்பிகள் குறைந்திருப்பதையும், இருக்கும் ஏற்பிகளைத் தூண்டினாலும் செல்கள் மந்தமாகவே பதில் தருவதையும் 2006-இல் வெளியிட்டார்கள். ‘போதும், நிறுத்து’ என்று செல்லுக்குச் சொல்லும் சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 போன்ற தடுப்பு ஏற்பிகளும், அழற்சியைத் தணிக்கும் இன்டர்லியூக்கின்-10 என்ற சுரப்பும் இந்த அடக்குமுறையில் பங்கு வகிப்பதை அதே காலத்து ஆய்வுகள் காட்டின. உயிருள்ள நுண்புழுக்களை மனித டென்ட்ரைட்டிக் செல்களோடு சேர்த்து வைத்தாலே அவற்றின் மூன்றாம், நான்காம் வகை டோல் ஏற்பிகள் குறைந்துவிடுவதை 2008-இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

தெருநாய்க்குத் தினமும் சோறு போட்டுப் பழக்கிய ஆளைப் பார்த்து அது குரைக்காது. குரைப்பதையே அது மறந்துவிட்டால் அடுத்து வரும் திருடனுக்கும் வழி திறந்துவிடும். புழு நம் உடலில் செய்வது ஏறத்தாழ இதுதான். தன்னைப் பார்த்து விழிக்காதபடி மட்டும் அது அடக்குவதில்லை. மற்றக் கிருமிகளை அறியும் ஏற்பிகளையும் சேர்த்தே மந்தப்படுத்துகிறது.

காசநோய் விஷயத்தில் இது கவலை தருகிறது. காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக் கிடப்பவர்கள் நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தக் கிருமியை அடக்கி வைத்திருப்பது நோய் எதிர்ப்புச் செல்களின் விழிப்பே. உறங்கும் காசநோயோடு யானைக்கால் புழுவும் சேர்ந்திருப்பவர்களிடம் இரண்டாம், ஒன்பதாம் வகை டோல் ஏற்பிகளின் அளவும் செயலும் குறைந்திருப்பதைச் சென்னைக் குழுவினர் 2009-இல் வெளியிட்டார்கள். புழு உள்ளவருக்குக் காசநோய் நிச்சயம் என்று இதற்குப் பொருளில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. அதே ஆய்வு நம்பிக்கை தரும் ஒரு செய்தியையும் சொன்னது. புழுவுக்கு மருந்து கொடுத்த பிறகு அந்த ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பின. அடங்கிப்போன காவல் மீண்டும் விழிக்கும். அதற்கு மருந்து உள்ளே போக வேண்டும்.

வீங்கிய காலை வெறுக்காதீர்கள்

இந்த ஆய்வுகள் நம் சமூகத்தின் ஒரு பெரிய தவற்றையும் சுட்டிக்காட்டுகின்றன. கால் வீங்கியவரைக் கண்டால் ஒதுங்குகிறோம். பேருந்தில் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறோம். அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் யோசிக்கிறோம். ஆனால் வீக்கம் முற்றியவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் நுண்புழு இருப்பதில்லை. அவர்களைக் கடித்த கொசு அடுத்தவருக்கு எதையும் கொண்டுபோவதில்லை. நோயைப் பரப்புவது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாத, நம்மைப் போலவே நடமாடும் ‘நல்ல’ கால்கள்.

காலில் வீக்கம் உள்ளவர்களின் செல்களில், அறிகுறியற்றவர்களிடம் கண்டதற்கு நேர்மாறான நிலையைச் சென்னைக் குழுவினர் 2011-இல் கண்டார்கள். அங்கே டோல் ஏற்பிகள் வழியான பதில் மிகுந்து, அழற்சிச் சுரப்புகள் அளவுக்கு மேல் பொங்குகின்றன. அறிகுறியற்றவரிடம் காவல் அடங்கிக் கிடக்கிறது, வீக்கம் உள்ளவரிடம் அது ஓய்வில்லாமல் சத்தம் போடுகிறது. இரண்டும் ஒரே புழு செய்த சேதத்தின் இரண்டு முகங்கள்.

சேதமான நிணநீர் நாளம் பழையபடி சீராவது அரிது. ஆனால் வலியையும் காய்ச்சலையும் குறைக்க முடியும். ஒரு தொட்டி, ஒரு குவளை, சோப்பு, சுத்தமான துணி ஆகியவை போதும். காலைத் தினமும் கழுவ வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கிலும் சோப்பு நுரை போய், நீர் ஓடி, துணியால் ஒற்றி ஈரம் போக வேண்டும். இடுக்கில் வெடிப்போ சேற்றுப்புண்ணோ இருந்தால் மருந்து தடவ வேண்டும். அந்த வெடிப்பு வழியாகத்தான் பாக்டீரியா நுழைகிறது, அங்கேதான் காய்ச்சலும் புதிய வீக்கமும் தொடங்குகின்றன. குனிந்து தன் பாதத்தைத் தொட முடியாத முதியவருக்கு இதைச் செய்ய இன்னொரு கை வேண்டும். அது மகன் கையாக இருக்கலாம், மருமகள் கையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம். இதே நோயால் ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு. வெட்கத்தால் அதை மறைத்துக்கொண்டு திரியும் ஆண்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நண்பர்களும் வேண்டும்.

மருந்தைப் பற்றிய பயம்

இந்த நோய்க்கான முக்கிய மருந்து டி.இ.சி. என்னும் டைஎத்தில்கார்பமசைன். இதை உலகுக்குத் தந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் நம் மண்ணின் மைந்தர். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு 1947-இல் இந்த மருந்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். ஆந்திரத்தில் பிறந்து சென்னையில் படித்த ஒருவர் தந்த மருந்தை ஆந்திரமும் தமிழ்நாடும் கூடும் எல்லையில் இருக்கும் நாம் வேண்டாம் என்று தள்ளுவது நியாயமில்லை.

இந்த மருந்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆய்வகத்தில் நுண்புழுவின் மேல் நேரடியாக ஊற்றினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. உடலுக்குள் போனால் நுண்புழுக்கள் வேகமாக மறைகின்றன. நம் நோய் எதிர்ப்பு அமைப்பையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டே அது வேலை செய்கிறது.

மாத்திரை போட்ட பிறகு சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, குமட்டல் வருகிறது. “நல்லா இருந்தவங்களுக்கு மாத்திரை கொடுத்துக் காய்ச்சல் வர வச்சுட்டாங்க” என்ற பேச்சு ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது. மாத்திரை கொடுக்கும் அடுத்த சுற்றில் பல கதவுகள் சாத்தப்படுகின்றன. இந்தக் காய்ச்சலின் காரணத்தையும் ஏற்பிகளே விளக்குகின்றன. யானைக்கால் புழுவின் உடலுக்குள் வோல்பேக்கியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. புழு சாகும்போது அந்த பாக்டீரியாவின் பொருட்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இரண்டாம் வகை டோல் ஏற்பி போன்றவை அவற்றை அடையாளம் கண்டு விழிக்கின்றன. ஆகவே மாத்திரைக்குப் பின் வரும் லேசான காய்ச்சல் பெரும்பாலும் உள்ளே புழு இருந்தது, இப்போது சாகிறது என்பதன் அடையாளம். ஓரிரு நாளில் அது தணிந்துவிடும். தணியாவிட்டாலோ கடுமையாக இருந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். உணவு உண்ட பிறகே மாத்திரையைப் போட வேண்டும், வெறும் வயிற்றில் போடக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் இதைப் போடக் கூடாது. இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் காய்ச்சல் வந்தவரே அடுத்த வீட்டாருக்கு மாத்திரையின் பலனை எடுத்துச் சொல்வார். சொல்லாமல் விட்டால் வதந்திக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

இன்னொரு வாதத்துக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். புழுவின் அடக்கும் குணத்தால் நன்மையும் உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளிடையே யானைக்கால் தொற்று குறைவாகவும், தொற்று உள்ள சர்க்கரை நோயாளிகளிடம் அழற்சிச் சுரப்பு தணிந்தும் இருப்பதாகச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் சொன்னது உண்மை. ஏற்பிகளை அளவாகத் தணிக்கும் கலையைப் புழுவிடமிருந்து கற்று அறிவியலாளர்கள் நாளை மருந்து செய்யலாம். அதற்காக ஊருக்குள் புழுவை வளர விட முடியாது. அதன் விலை ஒருவரின் கால், அவருடைய வேலை, அவருடைய மானம்.

மாத்திரை மட்டும் போதுமா?

இதற்கான பதில் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிடைத்தது. மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் சில கிராமங்களில் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். சிலவற்றில் மாத்திரையோடு கொசு ஒழிப்பையும் சேர்த்தார்கள். கழிவுநீர்க் குழிகளில் பாலிஸ்டைரீன் மணிகளைத் தூவினார்கள். நீரின் மேல் படலமாக மிதக்கும் அந்த மணிகள் கொசுப்புழுவை மூச்சுவிட மேலே வர விடாது. கொசு ஒழிப்பும் சேர்ந்த கிராமங்களில் கிடைத்த பலன் மேலும் உறுதியாக நிலைத்தது என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள். புதுச்சேரியில் 1975-இல் அமைந்த நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நடத்திய முயற்சியும் கொசுவின் பிறப்பிடத்தைக் குறிவைத்ததே. ஒரே கடியில் யாருக்கும் யானைக்கால் வருவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடிபட்டால்தான் தொற்று நிலைக்கிறது. ஆகவே கடியைக் குறைக்கும் ஒவ்வொரு செயலும் கணக்கில் சேரும்.

இலங்கை நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1947 முதல் யானைக்கால் ஒழிப்புக்கென்றே ஓர் இயக்கம் அங்கே இயங்குகிறது. 2002 முதல் 2006 வரை நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுதோறும் டி.இ.சி.யும் அல்பெண்டசோல் என்ற புழுநீக்க மருந்தும் கொடுத்தார்கள். 2016-இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்த நோய் அங்கே நீங்கிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சான்று கிடைத்த பிறகும் அந்த இயக்கத்தைக் கலைக்கவில்லை. இரவு ரத்தப் பரிசோதனை தொடர்கிறது. 2023-இல் வங்கதேசமும் அதே நிலையை எட்டியது. நாம் 2004 முதல் நாடு தழுவி மாத்திரை கொடுத்துவருகிறோம். 2015-க்குள் ஒழிப்போம் என்று 2002-இன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. அந்தக் கெடு தவறி, இப்போது 2027 என்கிறோம். இன்னொரு முறை கெடு தவறக் கூடாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சுகாதாரத் துறை. மொத்த மக்களில் குறைந்தது 65 சதவீதம் பேர் மருந்தை விழுங்கினால்தான் ஒரு சுற்று பயன் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கையில் கொடுத்த மாத்திரையையும் விழுங்கிய மாத்திரையையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. கண்முன் விழுங்க வைத்த பிறகே பதிவேட்டில் குறிக்க வேண்டும். கெடுபிடியால் இது நடக்காது, நம்பிக்கையால்தான் நடக்கும். ஆகவே வீட்டுக்கு வரும் ஆஷா, ஏ.என்.எம்., வார்டு சச்சிவாலயச் சுகாதாரச் செயலர் ஆகியோர் ஏன், எதற்கு என்று தெலுங்கிலும் தமிழிலும் விளக்கிச் சொல்லும் அளவுக்கு அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். மாத்திரைச் சுற்று முடிந்த இடங்களில் இரவு ரத்தப் பரிசோதனையும் ஆறேழு வயதுக் குழந்தைகளிடம் நடத்தும் தொற்று ஆய்வும் தவறாமல் நடக்க வேண்டும்.

இரண்டாவது நகராட்சி. கியூலெக்ஸ் கொசு நல்ல தண்ணீரைத் தேடுவதில்லை. பிளாஸ்டிக் கவர் அடைத்துத் தேங்கிய சாக்கடையையும், மூடி உடைந்த செப்டிக் டேங்கையும் தேடி வருகிறது. மழைக்கு முன் ஒருமுறை தூர்வாரிவிட்டுக் கைகழுவுவது போதாது. வடிகால் கடைசி வரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். புகையடிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை, வடிகாலைச் சரிசெய்வது பலன் தரும் வேலை. வரிப்பணம் இரண்டாவதற்கே முதலில் போக வேண்டும்.

மூன்றாவது வீட்டுக்காரர்கள். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டுங்கள். இரண்டு நிமிட வேலை, சில ரூபாய் செலவு. அந்த ஒரு குழாயிலிருந்து இரவுதோறும் கிளம்பும் கொசுக்கள் நின்றுவிடும். பக்கத்து வீட்டுக் குழாயில் வலை இல்லாவிட்டால் உங்கள் வலையால் பயன் பாதிதான். ஆகவே தெருவாகச் சேர்ந்து ஒரே நாளில் செய்யுங்கள். இரவில் கொசுவலை கட்டிப் படுங்கள். வீட்டுக் கழிவுநீரைத் தெருவில் விடாதீர்கள்.

நான்காவது தொழிற்சாலை நிர்வாகங்களும் ஒப்பந்தக்காரர்களும். பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் யானைக்கால் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து வேலைக்கு வருபவரை நோயைக் கொண்டுவந்தவர் என்று பழிப்பது அநீதி. அவர் உடலும் நம் உடலைப் போலவே அவருக்கு எதையும் சொல்வதில்லை. மாத்திரைச் சுற்று நடக்கும் நாளில் அவர் தன் ஊரிலும் இருக்க மாட்டார், நம் வீட்டுப் பட்டியலிலும் இருக்க மாட்டார். இரண்டு கணக்கிலும் விடுபடுவது அவர்தான். அவர் தங்கும் இடத்துக்கே மருத்துவக் குழுவை அழைத்து, இரவில் பரிசோதித்து, தேவைப்பட்டால் மருந்து கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. தங்குமிடத்தின் கழிவறையும் வடிகாலும் மனிதர் வாழத் தக்கதாக இருப்பதும் அதே கடமையில் அடங்கும்.

ஐந்தாவது பள்ளிகள். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடந்துவருகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையை ஏன் போடுகிறோம் என்று ஆசிரியர்கள் பத்து நிமிடம் விளக்கினால் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக நுழையும் கொக்கிப்புழுவைப் பற்றியும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவைப் பற்றியும் சொல்லலாம். ஸ்ட்ராங்கிலாய்டிஸும் அறிகுறி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் பதுங்கும். அது உள்ளவருக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கும் வழக்கத்தை நிறுத்த இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்கள். கோயில், மசூதி, தேவாலயம் ஆகியவற்றின் பெரியவர்கள், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகள், எல்லாக் கட்சிகளின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள். இந்தப் பிரச்சினையில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று இரண்டு நிலைப்பாட்டுக்கு இடமே இல்லை. மாத்திரை நாளில் முதல் மாத்திரையை நீங்கள் மக்கள் முன்னால் விழுங்குங்கள். ஆயிரம் துண்டறிக்கைகளை விட அது அதிகம் பேசும்.

ஒருவர் மாத்திரை போடுவதும் போடாமல் விடுவதும் அவருடைய சொந்த விஷயம் என்று நினைக்கலாம். ஆனால் அவருடைய ரத்தத்தில் நிற்கும் நுண்புழுவை இரவில் ஒரு கொசு எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் சேர்க்கிறது. அந்தக் குழந்தையின் ஏற்பிகளும் அடங்கிப்போகும், அதுவும் ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று சொல்லியே வளரும். கால் வீங்கும்போது அதற்கு முப்பது வயது ஆகியிருக்கலாம்.

நாயுடுபேட்டை மக்களே, அடுத்த முறை மாத்திரையோடோ ரத்தம் எடுக்கும் ஊசியோடோ ஒருவர் உங்கள் வாசலில் நின்றால் உடம்பைக் கேட்டுப் பதில் சொல்லாதீர்கள். மாத்திரையை வாங்கி அவர் கண்முன் விழுங்குங்கள், விரலை நீட்டுங்கள். அதோடு நிற்காமல் பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.